இறக்கத்தின் கணக்கு

விடிவதற்கு முன்பே போடியில் ஜீப்புகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தூக்குவாளியில் சோறு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. இந்தக் கோலத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வார்கள். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய், இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்து, களை எடுத்து, பொழுது சாயும்போது அதே ஜீப்பில் திரும்புவார்கள். தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடிவாரத்து ஊர்கள் எங்கும் இதே விடியல்தான். பொட்டிபுரத்துக்கும் இது புதிதல்ல.

பொட்டிபுரத்தை அறிவியல் உலகம் வேறொரு காரணத்துக்காக அறியும். அங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. மலையடிவாரத்து மக்கள் எதிர்த்தார்கள்; வழக்குகள் நடந்தன. ஒரு கிலோமீட்டர் கனத்துப் பாறையையும் ஊடுருவிப் போகும் துகளைப் பற்றி அந்த நாட்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. இந்த அத்தியாயத்துக்கு மலையின் உள்வயிறு வேண்டாம், மேல்தோல் போதும். அந்தச் சரிவில் ஏறி இறங்கும் மனிதக் கால்கள்தான் இங்கே பொருள்.

சாலைகள் வருவதற்கு முன் இந்த மலையைக் கடந்தவர்கள் நடந்தே கடந்தார்கள். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ஏறும் பாதையைச் சாலையாக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து மக்களின் நெடுநாள் கோரிக்கை. குரங்கணிக்கு மேலே வாழும் முதுவர்களின் மரபுக் கதையே ஒரு நடையின் கதை. மதுரையை விட்டுப் புறப்பட்டபோது பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறியதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். மூணாறுத் தேயிலைக்கு மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வசதி கிடைத்துவிட்டது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது. அப்போதும் இப்போதும் மனிதனுக்கு முட்டிதான் கம்பிவடம்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு முதன்முறை ஏறி இறங்கிய யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது. அது அப்போதே போய்விட்டது. இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை, தொடை கட்டிக்கொண்டது, கழிப்பறையில் உட்கார முடியவில்லை. ஏற்றத்தின் விலை உடனே வசூலாகிறது, இறக்கத்தின் விலை கடனாக நிற்கிறது. ஏன் இப்படி என்பதை அறிவியல் புரிந்துகொள்ள நூறு ஆண்டுகள் ஆயின.

முதலில் சமதளத்தில் நடப்பதைப் பார்ப்போம். நடக்கும்போது ஊன்றிய கால் ஒரு கழிபோல நிற்க, அதன் உச்சியில் உடல் ஒரு வளைவில் ஏறி இறங்குகிறது. தலைகீழான ஊசல் இது. ஏறும்போது இழந்த வேகத்தை இறங்கும்போது உடல் திரும்பப் பெறுகிறது. இத்தாலிய உடலியலாளர் ஜியோவான்னி கவான்யாவின் அளவீடுகளின்படி, நல்ல வேகத்தில் நடக்கும்போது இப்படி மீட்கப்படும் ஆற்றல் 65 சதவீதம் வரை போகிறது. தசைகள் மிச்சத்தை மட்டும் கொடுத்தால் போதும். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை ஒவ்வொரு முறையும் லேசாகத் தொட்டுவிடும் கை செய்யும் வேலைதான் அது. அதனால்தான் நான்கைந்து கிலோமீட்டர் நடந்து சந்தைக்குப் போய்வருவது ஒரு பெரிய வேலையாகத் தோன்றுவதில்லை.

சரிவில் இந்தக் கணக்கு குலைகிறது. ஆல்பெர்டோ மினெட்டியும் அவருடைய குழுவும் 2002-இல் மலை ஓட்டத்தில் தேர்ந்த பத்துப் பேரைச் சரிவை மாற்றக்கூடிய ஓடுபொறியில் நடக்கவிட்டு, அவர்கள் செலவழித்த ஆக்சிஜனை அளந்தார்கள். சமதளத்தில் ஒரு மீட்டர் நடக்க, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.64 ஜூல் செலவாயிற்று. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் மெல்லிய இறக்கத்தில் அது பாதியாகி 0.81-க்கு வந்தது. நடப்பதற்கு மிக மலிவான தரை அதுதான். நம் முன்னோர் கமலை இறைக்கும்போது மாடுகள் சரிவில் இறங்கி நடந்து இழுக்கும்படி வாரி அமைத்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மாட்டின் எடையையே வேலைக்கு வைத்தவர்கள் அவர்கள்.

சரிவு கூடக் கூட மலிவு மறைகிறது. நூற்றுக்கு நாற்பத்தைந்து என்ற செங்குத்தான ஏற்றத்தில் செலவு 17 ஜூலைத் தாண்டியது, சமதளத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல். அதே செங்குத்தில் இறங்கும்போது சுமார் மூன்றரை ஜூல், அதாவது சமதளத்தின் இரு மடங்கு. அந்த ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் உயரத்தை எட்ட மிகச் சிக்கனமான பாதை, நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை சரிவுள்ள பாதை என்று கணக்கு வந்தது. நேரே ஏறினாலும் நஷ்டம், அளவுக்கு மீறிச் சுற்றினாலும் நஷ்டம். மலைவாசிகளின் ஒற்றையடிப் பாதைகள் வளைந்து வளைந்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கால்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்துக் கண்டுபிடித்த கணக்கை ஓடுபொறி பின்னால் வந்து சரிபார்த்திருக்கிறது.

ஆக்சிஜன் கணக்கில் இறக்கம் ஏற்றத்தைவிட எவ்வளவோ மலிவு. அப்படியானால் மறுநாள் வலி எங்கிருந்து வருகிறது?

கிணற்றில் வாளி இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த வாளியை மேலே இழுக்கும்போது மூச்சு வாங்கும், தோள் களைக்கும். அதே நிறைந்த வாளியைக் கயிற்றில் மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டி வந்தால் மூச்சு வாங்காது. ஆனால் உள்ளங்கை சிராய்த்துப்போகும். தசையும் அப்படித்தான். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை, சுருங்கப் பார்த்தபடியே நீண்டுகொடுக்கிறது. முட்டி மடங்குகிறது, தசை கயிற்றை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அப்படிப் பிடிக்காவிட்டால் முதல் அடியிலேயே உருண்டுவிடுவோம்.

இந்த நீண்டுகொடுக்கும் வேலை எவ்வளவு மலிவானது என்பதை 1952-இல் லண்டனில் அபாட், பிரெண்டா பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதை எதிர்த்துப் பிடித்தார். இருவர் கால்களிலும் ஒரே விசைதான். ஆனால் எதிர்த்துப் பிடித்தவரின் ஆக்சிஜன் செலவு பல மடங்கு குறைவாக இருந்தது. ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உருவம் கொண்ட பிக்லண்ட் அலட்டிக்கொள்ளாமல் எதிர்த்துப் பிடிக்க, மிதித்த ஆண் களைத்துப்போனார்.

மலிவாகக் கிடைத்த விசைக்குச் சிராய்ப்புதான் விலை. பழகாத வேலைக்குப் பிறகு ஓரிரு நாள் தாமதித்து வரும் தசைவலியை 1902-இலேயே அமெரிக்காவில் தியோடர் ஹஃப் விவரித்து, தசைக்குள்ளேயே கிழிசல் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1981-இல் சுவீடன் ஆய்வாளர்கள் படிக்கட்டில் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் கெண்டைக்கால் தசையிலிருந்து துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒழுங்காக வரிசை கட்டி நிற்க வேண்டிய இழைக்கட்டுகள் ஆங்காங்கே கலைந்து கிடந்தன. ஹஃபின் ஊகம் வீண்போகவில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இப்படிச் சிராய்த்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாகச் சிராய்ப்பதில்லை. ஒரே ஒரு இறக்கம்கூடத் தசைக்குப் பாடம் கற்பித்துவிடுகிறது. சுற்றுலா வந்தவர் இரண்டு நாள் படுத்துக்கிடக்க, தினமும் தோட்டத்தில் ஏறி இறங்குபவர் மறுநாளும் வேலைக்குப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். மலை ரத்தம், பிறவி பலம் என்று சொல்வதெல்லாம் அந்தப் பெண்களின் பயிற்சியைக் குறைத்து மதிப்பிடுவதுதான்.

தசை பழகும். மூட்டுக் குருத்தெலும்புக்கு அந்தப் பழக்கம் அவ்வளவு சுலபமில்லை. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், செயற்கை முட்டி பொருத்திக்கொண்ட ஐந்து பேரின் மூட்டுக்குள்ளேயே விசையளவிகளை வைத்து 2010-இல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் விழும் விசை உடல் எடையைப்போல் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் அவர் முட்டி 170 கிலோவைத் தாங்குகிறது. தலையில் ஏலக்காய்ச் சாக்கு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுமை என்றதும் சும்மாடு நினைவுக்கு வருகிறது. தலைச்சுமையைப் பற்றி ஆய்வுலகம் ஒரு காலத்தில் வியந்து பேசியது. 1986-இல் நேச்சர் இதழில் வந்த கென்ய ஆய்வு ஒன்று, லுவோ, கிக்குயு இனப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆற்றல் செலவே இல்லாமல் சுமக்கிறார்கள் என்றது. சுமை ஏறும்போது அவர்கள் நடையின் ஊசல் இன்னும் திறமாக வேலை செய்கிறது என்று 1995-இல் விளக்கமும் வந்தது. பிறகு, தென்னாப்பிரிக்காவின் கோசா பெண்களிடம் 2010-இல் செய்த ஆய்வு அந்த வியப்பைக் குறைத்தது. தலையில் சுமப்பது முதுகில் சுமப்பதைவிடச் சிக்கனமாக இல்லை. ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இருந்தது.

நேபாளச் சுமைதூக்கிகளின் கதை இன்னும் கனமானது. நெற்றிப் பட்டையில் கூடையைத் தொங்கவிட்டு நாம்சே சந்தைக்கு நடக்கும் ஆண்களின் சுமை சராசரியாக அவர்கள் எடையில் 93 சதவீதம், பெண்களுடையது 66 சதவீதம் என்று 2005-இல் பாஸ்டியன் குழு அளந்தது. பாதை சுமார் நூறு கிலோமீட்டர். மொத்த ஏற்றம் எட்டாயிரம் மீட்டர். அவர்களுடைய நடையில் ஏதோ மறைந்த தந்திரம் இருக்க வேண்டும் என்று தேடிப்போன அதே குழு, 2016-இல் அப்படி எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டது. அவர்கள் செய்தது மூன்றே காரியம். மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்று இளைப்பாறினார்கள், நாள் முழுக்க நடந்தார்கள். நம்மூர்ப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் நட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் இருந்ததை எண்ணினால், சுமையின் உடலியலை நம் மக்கள் எவ்வளவு பரிவோடு புரிந்துகொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது.

நடப்பது பாதிதான். ஏலத்தோட்டத்தில் மீதிப் பொழுது குனிந்தே கழிகிறது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அதன் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தட்டையின் அடியிலிருந்து கிளம்பும் சரம் தரையை ஒட்டிப் படர்கிறது. காய் அதில்தான் இருக்கிறது. அதுவும் எல்லாம் ஒன்றாகப் பழுப்பதில்லை. பருவம் முழுக்கச் சுற்றுச் சுற்றாகத் திரும்பிவந்து பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். ஆகவே சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாகக் குனிந்து நிற்பது, அல்லது குந்துவது, இவைதான் எடுப்புக்காரரின் இருக்கை.

1955-இல் ஃப்ளாய்ட், சில்வர் என்ற இருவர் முதுகுத் தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். குனியத் தொடங்கும்போது முதுகுத் தசைகள் கடுமையாக வேலை செய்கின்றன. ஆனால் முழுக்கக் குனிந்துவிட்டால் அவை அமைதியாகிவிடுகின்றன. அப்போது உடலைத் தாங்குவது முதுகெலும்பின் தசைநார்களும் வட்டுகளும்தான். எனவே குனிந்தே இருப்பவருக்குத் தசைக்களைப்பு தெரியாமல் போகலாம். நார்கள் மெல்ல நீண்டு தளர்வதை உடல் சொல்வதில்லை. சுவீடனின் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் இடுப்பு வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது நூறு என்று வைத்தால், முன்னால் குனிந்து நிற்கும்போது அது ஏறத்தாழ நூற்றைம்பது. உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்று அவர் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். குனிவைப் பற்றிச் சொன்னது நிலைத்தது.

குந்தி உட்காரும் உடலுக்கும், மேடு பள்ளமான தரைக்கும் மேற்குலகின் மருத்துவக் கருவிகள் நெடுங்காலம் இடம் தரவில்லை. 1968-இல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பரில் செய்த செயற்கைப் பாதம், செருப்பில்லாமல் வயலில் நடக்கவும் குந்தவும் இடம் கொடுத்ததால்தான் உலகப் புகழ் பெற்றது. 2022-இல் சென்னை ஐஐடி வெளியிட்ட 'கடம்' என்ற செயற்கை முட்டி 160 பாகை வரை மடங்கும். நம் வாழ்க்கைக்கு ஏற்ற பொருளை நாம்தான் செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டும் சான்று.

பாதத்துக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான்.

மணிப்பால் எலும்பு மருத்துவர்கள் ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் 2,300 குழந்தைகளின் பாத அச்சுகளை எடுத்து 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செருப்பு போட்டு வளர்ந்த பிள்ளைகளில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். பாதத்தின் வளைவு நடந்து நடந்து உருவாகிறது என்பதற்கு இன்றும் உலகெங்கும் இந்த ஆய்வைச் சுட்டுகிறார்கள். நீளவாக்கு வளைவைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, 2020-இல் யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசன் குழு, பாதத்தின் குறுக்கு வளைவுதான் அதன் விறைப்பில் 40 சதவீதத்துக்கு மேல் தருகிறது என்று நேச்சர் இதழில் காட்டியது. காய்ந்த பாக்கு மட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறுக்கே வளைந்திருக்கும்வரை நீளவாக்கில் மடியாது. தட்டையாக அழுத்திவிட்டால் துவண்டுவிடும். நம் பாதமும் அப்படித்தான் நெம்புகோலாகிறது.

ஆனால் பாதம் வெறும் நெம்புகோல் இல்லை. அது ஒரு புலன். சமநிலைக்கு உடல் மூன்று சாட்சிகளை விசாரிக்கிறது. கண் ஒன்று, உள்காதின் அரைவட்டக் குழல்கள் ஒன்று, பாதம், கணுக்கால், தசைகளிலிருந்து வரும் செய்தி ஒன்று. கரடுமுரடான பாதையில் நடப்பவர்களின் கண் எங்கே பார்க்கிறது என்று 2018-இல் ஜொனாதன் மேத்திஸ், மேரி ஹேஹோ குழு பதிவு செய்தது. காலடியைப் பார்ப்பதில்லை, இரண்டு மூன்று அடிகளுக்கு முன்னால், ஏறத்தாழ ஒன்றரை நொடிக்குப் பிறகு கால் படப்போகும் இடத்தைப் பார்க்கிறது. அப்படியானால் கால் இப்போது மிதித்திருக்கும் கல்லை யார் கவனிக்கிறார்கள்? பாதம்தான். மலையில் மூடுபனி இறங்கினால் கண் என்ற சாட்சி வாய்மூடிவிடும். ஈரச் சருகின் மேல் எஞ்சுவது காதும் பாதமும்.

அந்தப் பாதத்தின் சாட்சியம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை 1840-களிலேயே பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் விவரித்தார். தண்டுவட நோயால் கால் உணர்வு இழந்தவர்கள், கண் திறந்திருக்கும்வரை நிற்பார்கள். கண்ணை மூடினால் தள்ளாடுவார்கள். முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும் நேரத்தில் விழுந்துவிடுவார்கள். இன்றும் நரம்பியல் மருத்துவர் பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வது அவர் பெயரில் வழங்கும் சோதனை.

உணர்விழந்த பாதத்தை உலகுக்கு விளக்கிய ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. அதைச் செய்தவர் ஒரு மலையின் பிள்ளை. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரிகளான பெற்றோரோடு அந்த மலையில் வெறுங்காலோடு ஓடித் திரிந்து, ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதமும் நோயால் அழுகி உதிர்கின்றன என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்ட் நோயாளிகளோடு இருந்து ஒவ்வொரு புண்ணின் கதையையும் துருவினார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டார்கள், அழுத்திக்கொண்டார்கள், ஆணி குத்திய காலோடு நடந்தார்கள். நோய் எடுத்துக்கொண்டது வலியை. மற்றதை எல்லாம் வலியின்மை எடுத்துக்கொண்டது.

பாதத்தில் அவர் கண்டது நடை ஆய்வின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பது என் எண்ணம். உணர்வுள்ள பாதம் களைக்கக் களைக்க எடையை இடம் மாற்றுகிறது. குதிகால் சூடானால் வெளி விளிம்புக்கு, அங்கே நொந்தால் பெருவிரலுக்கு. கடைசி மைல் நடை முதல் மைல் நடைபோல இருக்காது. உணர்விழந்த பாதம் மட்டும் முதல் அடி எப்படி வைத்ததோ அப்படியே ஆயிரமாவது அடியும் வைக்கும். ஒரே இடத்தில் மிதமான அழுத்தம் ஆயிரம் முறை விழுந்தால் திசு வெந்து புண்ணாகிறது. ஒரு பெரிய காயமே வேண்டியதில்லை. இதிலிருந்து பிறந்ததுதான் அழுத்தத்தைப் பரப்பும் நுண்ணறை ரப்பர் செருப்பு. அரசு மருத்துவமனைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் தெரியும். கரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஷீஃபெலின் நிலையம் இந்தப் பாத மருத்துவத்தைத் தொடர்ந்து வளர்த்தது.

தொழுநோயிலிருந்து கற்ற பாடம் இன்று சர்க்கரை நோய்க்குத் தேவைப்படுகிறது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் முதலில் மங்குவது பாத நரம்பு. பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும் சோதனையைச் சர்க்கரை நோய் மருத்துவர் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பிராண்ட் பிற்காலத்தில் பணியாற்றிய அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில்தான் அந்தப் பத்து கிராம் எல்லை நிறுவப்பட்டது.

இதே சர்க்கரைக்கு இறக்கம் ஒரு மருந்தாகலாம் என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலையில் ஹைன்ஸ் ட்ரெக்ஸல் குழு ஆட்களை இரண்டு மாதம் மலையேறவிட்டு, கம்பிவண்டியில் இறக்கியது. அடுத்த இரண்டு மாதம் கம்பிவண்டியில் ஏற்றி, நடந்து இறங்கவிட்டது. கெட்ட கொழுப்பு இரண்டிலும் குறைந்தது. ரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறன் இறங்கியபோதுதான் கூடுதலாக மேம்பட்டது. மூச்சு வாங்காமல் செய்யக்கூடிய பயிற்சி என்பதால் இதய நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் இறக்கத்தைச் சிறுகச் சிறுகப் பழக்கலாமா என்று மருத்துவர்கள் இப்போது ஆராய்கிறார்கள். பாத உணர்வும் முட்டியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும்.

முதுமையில் சமநிலையைக் கணிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமென்பதில்லை. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்கச் சொன்னார்கள். முடியாதவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 84 சதவீதம் அதிகமாக இருந்தது. சுவீடனின் உமேயா நகரில் 1997-இல் செய்த ஆய்வு இன்னும் எளிது. முதியவரோடு நடந்தபடியே பேச்சுக் கொடுத்தார்கள். 58 பேரில் 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடையும் பேச்சும் சேர்ந்து ஓட மூளையில் இடம் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போகும்போது இதை நீங்களே கவனிக்கலாம்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நடையை ஆராயும் கூடங்கள் பெரும்பாலும் நீளமான, தட்டையான, வழுக்காத தளத்தில் இருக்கின்றன. தரையில் இரண்டரை சென்டிமீட்டர் வரை மேடு பள்ளம் வைத்தாலே நடையின் ஆற்றல் செலவு 28 சதவீதம் கூடியதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டரை சென்டிமீட்டர் மேட்டைப் போடி மலையில் யாரும் மேடு என்றே சொல்லமாட்டார்கள். ஈரச் சரிவில் குனிந்து வேலை செய்து, சுமையோடு இறங்கும் உடலைத் தட்டைத் தளத்தில் பத்தடி நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பியனுப்புவது தவறு. தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணின் முட்டியைச் சோதிக்கும் மருத்துவர் அவரைப் படிக்கட்டில் இறங்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தேனியிலும் இடுக்கியிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளும் இயன்முறை மருத்துவ மாணவர்களும் அந்தச் சரிவுக்கே போய் அளக்க வேண்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொடுத்து உடலைப் பிடிப்பதைப் பார்த்தோம். படியில் அந்த வேலையைச் செய்வது மேல்படியில் நிற்கும் காலின் தசைதான். அதனால் ஒரு முட்டியில் வலி இருப்பவர், தன்னை அறியாமலே நல்ல காலை மேல்படியில் நிறுத்தி, நோகும் காலை முதலில் கீழே வைப்பார். இயன்முறை மருத்துவர்களும் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும்போது உங்கள் அம்மா எந்தக் காலை முதலில் தரையில் வைக்கிறார் என்று நான்கு நாள் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் அதே கால்தான் என்றால், அவராகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் காலைப் பற்றிக் கேளுங்கள்.